மூன்சாமி விட்டுப்போன ஹாவு

போன ஞாயிற்றுக்கிழமை குக்கரின் வெயிட் பிய்த்துக்கொண்டு போய் மேல்தளத்தில் அடித்ததே, அப்போது நாம் நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினோம்: "ஹாவு!" கௌசியைப் பார்க்க வந்திருந்த அவளுடைய கல்லூரித் தோழி மட்டும் எல்லாரையும்போல "ஐயோ!" என்று கத்தினாள். சுவரில் பருப்பு ஒழுகிக்கொண்டிருந்தது. பயம் தெளிந்ததும் அந்தப் பெண் கேட்டாள்: "அங்கிள், நீங்க எல்லாரும் என்னமோ சொன்னீங்களே, அது இன்னா பாஷை?"

கௌசி என்னைப் பார்த்தாள். அவள் தம்பி என்னைப் பார்த்தான். உங்கள் அம்மா துணி எடுக்கப் போகிற சாக்கில் நழுவிவிட்டாள். "அது வெளியூர் வார்த்தைம்மா" என்று சொல்லி நானும் ஏணியைத் தேடப் போய்விட்டேன். பருப்பைத் துடைக்க ஏணி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, நல்லவேளை.

அன்று மாலையே கௌசி போனில் தேடி, "அப்பா, இது ஜூலு பாஷைப்பா. தென்னாப்பிரிக்கா. ஆச்சரியம் வந்தா சொல்றதாம். நம்ப வூட்டுக்கு எப்படிப்பா வந்துச்சு?" என்று கேட்டாள். கண்டுபிடித்தது சரிதான். ஆனால் ஆச்சரியம் என்பது அந்தச் சொல்லில் மூன்றில் ஒரு பங்குதான். மற்ற இரண்டு பங்கும் போனில் வராது. வாயால் சொன்னால் நடுவில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ராஸ் அல் கைமாவில் நான் வேலை பார்த்த இடத்துக்கு ஊர் என்று பெயர் கிடையாது. பழுப்பு மலை, மலையடியில் கிரஷர், கிரஷருக்குப் பின்னால் எங்கள் கேம்ப். அவ்வளவுதான். மலையை உடைத்துக் கல்லாக்கி, கல்லை உடைத்து ஜல்லியாக்கி, துபாய்க்கும் அபுதாபிக்கும் லாரியில் அனுப்புவோம். கன்வேயர் பெல்ட்டில் கல் சிக்காமல் பார்த்துக்கொள்வது என் டூட்டி. தூசி இல்லாத இடம் என்று ஒன்று அங்கே கிடையாது. பெட்டிக்குள் மடித்து வைத்த சட்டையின் மடிப்புக்குள்ளும் தூசி இருக்கும். சோற்றில் கல் கடிபட்டால் அது அரிசிக் கல்லா மலைக் கல்லா என்று தகராறு நடக்கும். இன்றைக்கும் கோடையில் முதல் தூறல் விழுந்து மண் வாசனை வந்தால் எல்லாரும் ஆகா என்பார்கள். எனக்குக் கிரஷரில் தண்ணீர் தெளிக்கிற குழாய்தான் ஞாபகம் வரும்.

ஒருநாள் விட்டு ஒருநாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வெடி வைப்பார்கள். முதல் சைரன் அடித்ததும் எல்லா மெஷினும் நிற்கும். டம்பர் லாரி டிரைவர்கள், நாங்கள், எல்லாரும் சிவப்புக் கொடிக்கு இந்தப் பக்கம் வந்து குந்திக்கொள்வோம். இரண்டாவது சைரன். அப்புறம் ஒரு நிசப்தம். நாள் முழுக்க இரைச்சலில் கிடக்கிற காதுக்கு அந்த நிசப்தம் குளிர்ந்த தண்ணீர்போல இருக்கும். பிறகு மலை, போர்வைக்குள் யாரோ புரண்டு படுக்கிற மாதிரி ஒரு தடவை எழும்பும். அதற்கப்புறம்தான் சத்தம் வரும். அதற்கும் அப்புறம் தூசி.

அந்தத் தூசி வருவதற்குள் ஒரு குரல் கேட்கும்: "ஹாவு!"

அதுதான் மூன்சாமி. பிளாஸ்டிங் ஃபோர்மேன். வெடி வைப்பவரே அவர்தான். தானே துளை போட்டு, தானே மருந்து நிரப்பி, தானே பட்டனை அமுக்கிவிட்டு, மலை விழுந்ததும் ஹெல்மெட்டைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு முதன்முதலாகப் பார்ப்பவர்போல "ஹாவு!" என்பார். ஒவ்வொரு தடவையும். சமையல் செய்தவரே முதல் கவளத்துக்கு "அடேயப்பா" போடுகிற மாதிரி.

சிரிக்காமல் இருக்க முடியுமா? முதலில் கிண்டலுக்குத்தான் சொன்னோம். பாகிஸ்தான் பட்டாணி டம்பர் டிரைவர் டயர் பஞ்சரானால் "ஹாவு, பாய்!" என்பான். மெஸ்ஸில் சாம்பாரைக் கரண்டியால் தூக்கிப் பார்த்து, அதில் ஒன்றும் இல்லையென்றால் வரிசையே "ஹாவு" என்று முனகும். ஆறு மாதத்தில் கேம்ப் முழுக்க அந்தச் சொல்லைப் பேசியது. ஒரு பாகிஸ்தானியும் ஒரு நேபாளியும் நானும் ஹிந்தியில் தட்டுத்தடுமாறிப் பேசும்போது, மூன்று பேருக்கும் பொதுவாக, ஒரு தப்பும் இல்லாமல் சொல்ல வந்த ஒரே வார்த்தை அதுதான்.

மூன்சாமி என்று பெயரைக் கேட்டதும் நான் முதல் நாளே ஓடிப்போய் "சார், தமிழா?" என்று கேட்டேன். ஆள் கறுப்பாக, உயரமாக, நம் பெரிய மாமா சாயலில் இருந்தார். அவர் சிரித்துவிட்டு, "தண்ணி, சோறு, வா, போ, கருவேப்பிலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும், மேன்" என்றார் இங்கிலீஷில். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். எனக்குப் புரிந்த அளவுக்கு இங்கே தமிழில் எழுதுகிறேன். அந்த 'மேன்' மட்டும் அவருடையது.

அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா பெயர் முனுசாமி. கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலியாக மெட்ராஸில் கப்பலேறி டர்பனில் இறங்கியவர். அங்கே பெயர் எழுதுகிறவன் கையில் முனுசாமி மூன்சாமி ஆகி, அதுவே குடும்பப் பெயராகவும் நின்றுவிட்டதாம்.

"அப்போ ஹாவு?" என்று கேட்டேன்.

"அது ஜூலு ஜனங்க வார்த்தை. எங்க பக்கத்துல இருந்தவங்க அவங்கதானே. எங்க வீட்ல தமிழ் ஒவ்வொரு வார்த்தையா போச்சு. இது எங்களோட ஒட்டிக்கிச்சு. எங்க மா பயந்துட்டா ரெண்டையும் சேர்த்துச் சொல்லுவாங்க, மேன். 'அய்யோ, ஹாவு!'"

அதற்கு அர்த்தம் கேட்டதற்கு, "அர்த்தமா? அது மூச்சு, மேன். எப்படி விடுறோமோ அதான் அர்த்தம்" என்றார். மேலே ஏறினால் ஆச்சரியம். மலை விழும்போது சொல்வது அது. வெடுக்கென்று குறுக்கிச் சொன்னால் கண்டிப்பு. ஹெல்மெட் போடாமல் வந்தவனைப் பார்த்துச் சொல்வார். மூன்றாவதை அவர் சொல்லிக் காட்டவில்லை. அதை நானே ஒருநாள் பார்த்தேன். நேபாளிப் பையன் ஒருவனுக்கு அப்பா இறந்துபோன செய்தி சைட்டுக்கே வந்தது. டம்பர் டயருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆளாளுக்கு ஹிந்தியில் சமாதானம் சொன்னோம். மூன்சாமி வந்து அவன் பக்கத்தில் அதே தரையில் உட்கார்ந்து, தணிந்த குரலில், நீளமாக, மூச்சு முழுக்க வெளியே போகிற மாதிரி "ஹாவூ..." என்றார். அப்புறம்தான் அந்தப் பையன் அழுதான்.

கௌசி, இனிமேல் வருவதில் நீயும் வருகிறாய்.

நான் முதல் லீவில் ஊருக்குக் கிளம்பியபோது உனக்குப் பதினோரு மாதம். உன்னை நான் பார்த்ததே இல்லை. கேம்பில் ஒருவன் லீவில் போகிறான் என்றால் அவன் பெட்டியில் பாதி அவனுடையது இல்லை. ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்து வைப்பார்கள். போர்வை, டார்ச் லைட், தலைவலித் தைலம், மனைவிக்கு ஒரு கடிதம். வீட்டுக்குப் போனால் முதல் வாரம் அதையெல்லாம் ஊர் ஊராகப் போய்க் கொடுப்பதுதான் வேலை. அப்படி மூன்சாமியும் வந்தார். கையில் பொட்டலம் இல்லை. ஒரு தாள் இருந்தது.

கப்பல் பதிவேட்டின் நகல். அதில் அந்தப் பழைய முனுசாமி இருந்தார். அப்பன் பெயர், வயது, இடது முழங்காலில் தழும்பு, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா ஆரணி, கிராமம் புங்கம்பாக்கம். இங்கிலீஷ் எழுத்தில் அந்த ஊர்ப் பெயரைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சார், இது எங்க ஊர்லேர்ந்து பதினெட்டே கிலோமீட்டர்!"

அன்றைக்குத்தான் வெடி இல்லாமல் அவர் அந்த முதல்வகை ஹாவு சொல்லிக் கேட்டேன்.

அவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கொஞ்ச நாள்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். டர்பனில் அந்த அம்மா வருஷா வருஷம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர். எந்த ஊர் அம்மனுக்கு என்று கேட்டால் தெரியாது. முன்னோர் ஊற்றினார்கள், இவரும் ஊற்றுகிறார். தாளில் இருக்கிற அந்த ஊர்க் கோயிலை ஒரு போட்டோவிலாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் ஆசை. "ஒரே ஒரு போட்டோ, மேன். ஊர்ல எங்க ஆளுங்க இருக்க மாட்டாங்க, தெரியும். கோயில் எங்கே போகும்? அது அங்கேயேதான் இருக்கும்."

"கண்டிப்பா சார்" என்றேன். என்ன கஷ்டம்? பதினெட்டு கிலோமீட்டர்.

நாற்பது நாள் லீவு. வந்த அன்று நீ என்னைப் பார்த்து வீறிட்டாய். நான் கை நீட்டினால் அம்மா கழுத்தைக் கட்டிக்கொள்வாய். என் மீசையைப் பார்த்தாலே உதடு பிதுங்கும். மீசையை எடுத்தேன், இன்னும் அதிகமாகப் பயந்தாய். உங்கள் அம்மா, "புது ஆளு இல்லடி, உங்கப்பன்தான்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். நாள்கள் போயின. புங்கம்பாக்கம் போக வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பேன். முப்பத்தேழாம் நாள் பக்கத்து வீட்டில் கேமராவும் சைக்கிளும் வாங்கி வைத்துவிட்டுச் சட்டை மாட்டினேன். அப்போது நீ தவழ்ந்து வந்தாய். நீயாகவே வந்து என் வேட்டியைப் பிடித்து எழுந்து நின்றாய். தூக்கினேன். அழவில்லை. அப்படியே என் நெஞ்சில் தூங்கிப்போனாய். எழுந்தால் விழித்துக்கொள்வாய் என்று அசையாமல் சாய்ந்திருந்தேன். வெயில் வந்தது, போனது. சைக்கிள் வாசலிலேயே நின்றது. மறுநாளும், அதற்கு மறுநாளும் நீ என் கையை விட்டு இறங்கவே இல்லை.

இதில் உன் குற்றம் ஒன்றும் இல்லை, கௌசி. அன்றைய நாளை யாராவது திருப்பிக் கொடுத்தாலும் நான் எழுந்து போக மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். என் குற்றம் அதற்குப் பிறகு நான் செய்தது.

நாற்பதாம் நாள் காலை, பெட்டி கட்டியாகிவிட்டது. கேமரா கண்ணில் பட்டது. அதை எடுத்துக்கொண்டு நம் ஊர், நம் ஏரிக்கோடி மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். எல்லா ஊர் மாரியம்மன் கோயிலும் ஒரே மாதிரிதானே இருக்கிறது? பெயர்ப் பலகை தெரியாமல், பக்கவாட்டில் நின்று, வேப்ப மரத்தையும் சூலத்தையும் சேர்த்து எடுத்தேன். ஆரணியில் பிரிண்ட் போட்டு வாங்கி, அப்படியே மெட்ராஸுக்குப் பஸ் ஏறினேன். ரொம்பச் சாமர்த்தியமாகச் செய்துவிட்டதாக நினைப்பு.

இரண்டாவது சைரனுக்கும் வெடிக்கும் நடுவில் அந்த நிசப்தத்தில்தான் மூன்சாமியிடம் போட்டோவைக் கொடுத்தேன். பட்டனை அமுக்க மறந்து பார்த்துக்கொண்டு நின்றார். வாக்கி டாக்கியில் மூன்று முறை கூப்பிட்டார்கள். அன்று மலை விழுந்தபோது அவர் மலையைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. அங்கே தண்ணீர் இருக்கா? என்ன பயிர் வைக்கிறாங்க? ஆளுங்க எப்படி, உயரமா? நான் நம் ஊரைப் பற்றியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏரி இருக்கு சார், கேழ்வரகு சார், உயரம்தான் சார். மறுநாள் என்ன கேட்பார், என்ன சொல்லலாம் என்று பெல்ட் பக்கத்தில் நின்று யோசித்து வைத்திருந்தேன்.

மறுநாள் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. "குட் மார்னிங், மேன்" என்றார், வேலையைப் பார்த்தார். அதற்கப்புறம் புங்கம்பாக்கம் என்ற பெயரையே அவர் எடுக்கவில்லை. தப்பித்தோமடா என்று நினைத்துக்கொண்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

துபாயில் கட்டடங்கள் பாதியில் நின்ற வருஷம் எங்கள் கல்லும் விலைபோகவில்லை. வெடி வாரத்துக்கு ஒன்று, அப்புறம் மாதத்துக்கு ஒன்று. ஃபோர்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் கிளம்பிய அன்று கேம்ப் வாசலில் வண்டி நின்றது. எல்லாரும் கை கொடுத்தார்கள். பட்டாணி கட்டிப்பிடித்து "ஹாவு, பாய், ஹாவு" என்று தேம்பினான். என் முறை வந்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, "சார், அந்த போட்டோ..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். தணிந்த குரலில், நீளமாக, "ஹாவூ..." என்றார். பிறகு, "மா போற வரைக்கும் அதுக்குத்தான் விளக்கு வச்சாங்க, மேன்" என்றார். வண்டி போய்விட்டது.

அவர் அம்மா இறந்ததே அப்போதுதான் எனக்குத் தெரியும். எப்போது என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை.

கேம்ப் வாசலில் செய்யது காக்காவின் பக்காலா, அதாவது மளிகைக் கடை. காயல்பட்டினத்துக்காரர், எங்கள் எல்லாருக்கும் மூத்தவர் என்பதால் காக்கா, அவர் ஊரில் அண்ணன் என்று அர்த்தம். அவர் கல்லாவில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி மறைந்ததும், "தம்பி, இங்கே வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இவ்வளவு நாளா எனக்கு வாய் வரலெ" என்றார்.

"இன்னா காக்கா?"

"அந்தக் கோயில் படத்த நீங்க கொடுத்தீங்கள்ல, அன்னைக்கு அந்தியிலயே இங்கெ வந்தாரு. அதுல ஒரு ட்யூப் லைட்டு இருக்கு. அதுல தமிழ்ல என்னமோ எழுதியிருக்கு. எங்க ஊரு பேரா இருக்கும், வாசிச்சுக் காட்டுங்கன்னாரு. ஆசையா கேட்டாரு தம்பி. எனக்கென்ன தெரியும்? வாசிச்சுட்டேன்."

நம் கோயில்களில் ட்யூப் லைட் வாங்கிக் கொடுப்பவர்கள் வெளிச்சம் பாதி மறைகிற அளவுக்கு அதன்மேல் பெயர் எழுதி வைப்பார்களே. பெயர்ப் பலகையை மறைக்கத் தெரிந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. *உபயம்: சைக்கிள் கடை தண்டபாணி, ஏரிக்கோடி.*

"அவரு இன்னா சொன்னாரு காக்கா?"

"ஏரிக்கோடி யார் ஊருன்னு கேட்டாரு. உங்க ஊருன்னேன். அந்த வார்த்தை இருக்குல்ல, அத மெதுவா சொன்னாரு. அப்புறம் ஒரு கவர் வாங்கி, படத்த உள்ள வச்சு, ஒட்டி, உம்மாவுக்கு விலாசம் எழுதிட்டாரு. நான்தான் தபால்ல சேர்த்தேன்."

காக்காவிடம் மூன்சாமியின் டர்பன் எண் இருந்தது. எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்தேன். கூப்பிடத் துணிவு வரவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு இங்கிலீஷில் எத்தனை வார்த்தை வேண்டும்? ஒன்று போதும். அது எனக்குத் தெரிந்தும் இருந்தது. மூன்று வருஷம் கழித்துத் துணிவு வந்து டயல் செய்தபோது அந்த எண் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. காக்காவும் அதற்குள் கடையை விட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தார். இப்போது அந்தக் கேம்பும் இல்லையாம். மலையும் இல்லை, நாங்கள்தான் அதைத் தின்று முடித்தோம்.

நான் முடித்துக்கொண்டு ஊர் வந்த முதல் மாதமே டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு புங்கம்பாக்கம் போனேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஊர் முனையில் டீக்கடை. கடைக்காரருக்கு என் வயசு இருக்கும்.

"ஏங்க, இங்க மாரியம்மன் கோயில் எங்க கீது?"

"பள்ளிக்கூடத்தாண்ட போ சார். போன வருஷம்தான் கும்பாபிஷேகம் ஆச்சு. டைல்ஸ் இன்னா, கிரானைட் இன்னா, ஜோரா கீது."

"புதுசு இல்லீங்க. பழைய கோயில்."

"பழசா? அது இங்கதான் சார் இருந்துச்சு. நீ வண்டி நிறுத்திக்கிறியே, அங்க. சின்னக் கல்லுக் கோயிலு. ரோடு அகலம் பண்ணும்போது எடுத்துட்டானுங்க. ரெண்டு வருஷம் ஆவுது."

"அதோட போட்டோ யார்கிட்டயாவது இருக்குமா?"

அவர் சிரித்தார். "போட்டோவா? தெனம் பாக்கறதுதானே சார், அத யாரு போட்டோ புடிக்கிறது?"

என் வாயிலிருந்து அது வந்தது. மேலே ஏறவில்லை. வெடுக்கென்றும் இல்லை. கேம்ப் வாசலில் என் தோளில் கை வைத்து அவர் சொன்னாரே, அதே மாதிரி, மூச்சு முழுக்க வெளியே போகிற மாதிரி வந்தது.

"இன்னா சார்?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். வண்டியை ஓரமாக நகர்த்தினேன். கோயில் நின்ற இடத்தில் தார் பளபளவென்று இருந்தது, நடுவில் வெள்ளைக் கோடு. அதன்மேல் ஒரு லாரி தூசி பறக்கப் போனது. முக்கால் இன்ச் ஜல்லி. சத்தத்திலேயே எனக்குத் தெரியும்.